கைதட்டலில் மாட்டிக்கொண்ட ஜெனரல்கள்: மால்வினாஸ் 1982, ஒரு நிகழ்வு ஆய்வு

1982 மார்ச் 30, செவ்வாய்க்கிழமை. அர்ஜென்டினாவின் தலைநகரான புவெனஸ் அயர்ஸில், அதிபர் மாளிகைக்கு எதிரே இருக்கும் மே சதுக்கத்தை நோக்கி ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நடந்தார்கள். 'அமைதி, ரொட்டி, வேலை' என்பதுதான் கோரிக்கை. 'முடியப்போகுது, முடியப்போகுது, ராணுவ சர்வாதிகாரம்' என்று கோஷம் போட்டார்கள். ஆறு வருட ராணுவ ஆட்சியில் அவ்வளவு பெரிய எதிர்ப்பு ஊர்வலம் நடந்ததில்லை. சதுக்கத்துக்குள் நுழைய விடாமல் போலீஸ் கண்ணீர்ப்புகையும் தடியடியுமாக விரட்டியது. ஆயிரம் பேருக்கு மேல் கைதானார்கள். ஊர்வலத்தைக் கூட்டிய தொழிற்சங்கத் தலைவர் சவூல் உபால்தினியும் உள்ளே போனார். மேற்கே மெந்தோசா நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் குண்டடிபட்ட ஒரு தொழிலாளி பிறகு இறந்துபோனார்.

ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை. அதே சதுக்கம் நிரம்பி வழிந்தது. இந்த முறை போலீஸ் யாரையும் விரட்டவில்லை. அன்று காலையில்தான் அர்ஜென்டினப் படைகள் ஃபாக்லாந்து தீவுகளில், அதாவது அர்ஜென்டினர்கள் மால்வினாஸ் என்று சொல்லும் தீவுகளில், இறங்கி பிரிட்டிஷ் ஆளுநரைச் சரணடைய வைத்திருந்தன. மூன்று நாளுக்கு முன்னால் அடிவாங்கிய சதுக்கம் இப்போது கொடியசைத்தது. அதிபர் ஜெனரல் லியோபோல்டோ கால்தியேரி மாளிகையின் மாடத்துக்கு வந்து கையசைத்தார்.

உள்நாட்டுக் கோபத்தை வெளிநாட்டுச் சண்டையில் கரைக்கப் பார்க்கும் சர்வாதிகாரிகளைப் பற்றி யார் எழுதினாலும் இந்த மூன்று நாள் கதையை எடுத்துக்காட்டாமல் இருப்பதில்லை. செவ்வாயன்று கலகம், வெள்ளியன்று போர்; இதைவிடத் தெளிவான காரண காரியம் வேண்டுமா? ஆனால் கிட்டே போய்ப் பார்த்தால் இந்தக் கதை பாதிதான் தேறுகிறது. படையெடுப்பு முடிவு அந்த ஊர்வலத்தைப் பார்த்து எடுத்ததில்லை. ஊர்வலத்துக்கு நான்கு நாள் முன்பே, மார்ச் 26 அன்றே, முப்படைத் தளபதிகள் கையெழுத்துப் போட்டாயிற்று. அதைவிட முக்கியம், ஏப்ரல் 2-க்குப் பிறகு யார் யாரை ஓட்டினார்கள் என்பது. கூட்டத்தைத் திசைதிருப்பப் போன ஜெனரல்கள், அந்தக் கூட்டத்தாலேயே திரும்பி வர முடியாத இடத்துக்குத் தள்ளப்பட்டார்கள் என்பது என் வாசிப்பு.

முதலில், கோபம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1976 மார்ச் 24 அன்று ஆட்சியைப் பிடித்த ராணுவக் குழு, இடதுசாரி ஆயுதக் குழுக்களை ஒழிப்பதாகச் சொல்லித் தொடங்கியது. தொழிற்சங்கத்தார், மாணவர்கள், பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள் என்று வீடு புகுந்து ஆட்களைத் தூக்கினார்கள். பிற்பாடு ஜனநாயக அரசு அமைத்த விசாரணைக் குழு 8,961 பேர் காணாமல் ஆக்கப்பட்டதை ஆவணப்படுத்தியது; மனித உரிமை அமைப்புகள் சொல்லும் கணக்கு 30,000. பயம் இருந்தவரை மௌனமும் இருந்தது. பயத்தோடு கொஞ்சம் காசும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பொருளாதார அமைச்சர் மார்த்தினேஸ் தெ ஹோஸ் அந்நாட்டு நாணயமான பெசோவின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தி வைத்திருந்ததால் நடுத்தர வர்க்கம் வெளிநாடு போய்ச் சாமான் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்தது. 1980-ல் பெரிய தனியார் வங்கி ஒன்று கவிழ்ந்தது, பின்னாலேயே மற்றவையும் ஆட்டம் கண்டன. 1981-ல் பெசோ சரிந்தது, விலைவாசி ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரட்டிப்பானது, ஆலைகள் மூடின. ராணுவம் வந்தபோது சுமார் 800 கோடி டாலராக இருந்த வெளிநாட்டுக் கடன் 1982 முடிவில் 4,300 கோடியைத் தாண்டியது.

1981 டிசம்பரில் கால்தியேரி ஆட்சிக்கு வந்தது இந்த நிலையில். அதுவும் எப்படி? தனக்கு முன்னால் இருந்த ஜெனரல் வியோலாவைத் தள்ளிவிட்டு. அதற்குக் கடற்படைத் தளபதி ஹோர்ஹே அனாயாவின் ஆதரவு தேவைப்பட்டது. அனாயாவுக்கு வாழ்நாள் கனவு ஒன்று இருந்தது: மால்வினாஸ். படையெடுப்புத் திட்டத்தைத் தயாரிக்கச் சொல்லி அவர் தன் கீழதிகாரிக்கு உத்தரவு போட்டது, கால்தியேரி பதவியேற்ற அதே டிசம்பரில்தான், பதவியேற்புக்குச் சில நாள் முன்பே. ஆகவே திசைதிருப்பல் என்று பேசும்போது, 'அரசு' என்று ஒற்றை ஆளாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அங்கே இருந்தது மூன்று தளபதிகள், மூன்று பங்கு, மூன்று பேருக்கும் தடுப்பதிகாரம். ஒருவருக்கு மக்கள் ஆதரவு வேண்டும். இன்னொருவருக்குத் தீவு வேண்டும். மூன்றாமவர், விமானப்படையின் லாமி டோசோ, கடைசியில் சேர்ந்துகொண்டவர். இந்தப் பேரம் நாட்டுக்குள் இருந்த கோபத்துக்கும் முன்னால் ராணுவத்துக்குள் இருந்த போட்டியைச் சமாளித்தது.

இன்னொன்று. கூட்டத்தின் ருசி இந்த ஆட்சிக்குப் புதிதில்லை. 1978-ல் உலகக் கோப்பைக் கால்பந்தைத் தன் மண்ணில் நடத்திக் கோப்பையையும் வாங்கியது. ஆட்கள் சித்திரவதைப்பட்டுக்கொண்டிருந்த கடற்படைப் பொறியியல் பள்ளி, இறுதி ஆட்டம் நடந்த மைதானத்திலிருந்து கூப்பிடு தூரம். அதைவிட எனக்கு உறைத்த நிகழ்ச்சி 1979 செப்டம்பரில் நடந்தது. அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் நேரில் விசாரிக்க வந்திருந்தது. மாயோ அவென்யூவில் ஆணையம் முகாமிட்ட அலுவலகத்துக்கு வெளியே, காணாமல் போனவர்களின் தாய்மாரும் உறவினரும் புகார் கொடுக்க நீண்ட வரிசையில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து அர்ஜென்டின இளைஞர் அணி ஜப்பானில் இளையோர் உலகக் கோப்பையை வென்றது. பிரபலமான விளையாட்டு வர்ணனையாளர் ஒருவர் வானொலியில், எல்லோரும் மாயோ அவென்யூவுக்குப் போய்க் கொண்டாடுங்கள், வந்திருக்கும் ஆணையத்துக்கு நம் நாட்டின் உண்மை முகத்தைக் காட்டுங்கள் என்று கூவினார். ஜனங்கள் கொடியோடு ஓடிவந்தார்கள். பிள்ளையைத் தொலைத்தவர்களின் வரிசையும் கோப்பை வென்ற கொண்டாட்டமும் ஒரே தெருவில். குண்டு ஒன்றும் வெடிக்காமலே திசைதிருப்ப முடியும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

குண்டு வெடிக்கிற வகையையும் முயன்று பார்த்திருந்தார்கள். பீகிள் கால்வாயில் உள்ள மூன்று சின்னத் தீவுகள் சிலிக்கே சொந்தம் என்று 1977-ல் நடுவர் தீர்ப்பு வந்தது. அர்ஜென்டின ராணுவம் அதை நிராகரித்தது. 1978 டிசம்பரில் சிலிமீது படையெடுக்கக் கப்பல்களே கிளம்பிவிட்டன. கடைசி நேரத்தில் போப் இரண்டாம் ஜான் பால் மத்தியஸ்தத்துக்கு ஆள் அனுப்பியதால் நின்றது. நின்றது என்றால், துப்பாக்கி நின்றது, பகை நிற்கவில்லை. நான்கு வருடம் கழித்து மால்வினாஸ் போரில், குளிர்மலையில் சண்டை போடப் பழகிய நல்ல படைகளை சிலி எல்லையிலிருந்து எடுக்க ஜெனரல்களுக்குத் தைரியம் வரவில்லை. கொர்ரியெந்தெஸ் போன்ற வெப்பமான வட மாகாணங்களின் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களை அனுப்பி, பனியும் ஈரமும் நிறைந்த குழிகளில் உட்கார வைத்தார்கள். சிலியின் சர்வாதிகாரி பினோஷே ரகசியமாக பிரிட்டனுக்கு உளவுத் தகவல் கொடுத்தார். முதல் திசைதிருப்பலில் சம்பாதித்த எதிரி, இரண்டாவதில் முதுகுப் பக்கம் நின்றான். திசைதிருப்பும் போர்களைப் பற்றிய விவாதங்களில் இந்தக் கணக்கை யாரும் அதிகம் போடுவதில்லை. ஆட்சியாளர் பகையை ஒருமுறை கிளப்பிவிட்டு, காரியம் முடிந்ததும் மூடிவைக்கலாம் என்று நினைக்கிறார். அடுத்த வீட்டுக்காரர் மறப்பதில்லை.

சரி, ஏன் மால்வினாஸ்? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். வெறும் பொய்யைக் கிளப்பி மக்களை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் அந்த உரிமைக்கோரல் ராணுவம் கண்டுபிடித்ததில்லை. 1833-ல் பிரிட்டன் அந்தத் தீவுகளைப் பிடித்துக்கொண்டதை அர்ஜென்டினா ஒருநாளும் ஏற்கவில்லை. பள்ளிக்கூட வரைபடத்தில் அவை அர்ஜென்டினாவுக்குச் சொந்தம். இரு நாடுகளும் பேசித் தீர்க்க வேண்டும் என்று ஐநா பொதுச்சபை 1965-ல் தீர்மானம் போட்டது. பேச்சுவார்த்தை பதினேழு வருடமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தது. வலதுசாரிக்கும் இடதுசாரிக்கும், முன்னாள் அதிபர் பெரோனைப் பின்பற்றும் பெரோனிஸ்டுக்கும் பெரோனை வெறுப்பவருக்கும், ஒத்துப்போகிற விஷயம் அந்த நாட்டில் இது ஒன்றுதான். அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 1,800 பேர் பிரிட்டிஷ் ஆட்சியிலேயே இருக்க விரும்பினார்கள் என்பது இந்தக் கூட்டல் கழித்தலில் எங்கேயும் வரவில்லை.

ஆக, சர்வாதிகாரி எந்தச் சண்டையை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துவிட முடியாது. மக்கள் மனத்தில் ஏற்கனவே ஊறிக் கிடப்பதைத்தான் கையில் எடுக்க முடியும். எதிராளி பதிலடி கொடுக்க மாட்டான் என்ற நம்பிக்கையும் வேண்டும். அந்த நம்பிக்கைக்கு பிரிட்டனே எண்ணெய் வார்த்தது. 1981-ல் பாதுகாப்புச் செலவைக் குறைக்கிறேன் என்று தென் அட்லாண்டிக்கில் நின்ற ஒரே ரோந்துக் கப்பலான எண்டூரன்ஸைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், தீவுவாசிகளில் பலருக்கு முழு பிரிட்டிஷ் குடியுரிமையை மறுத்தது. அமெரிக்காவைப் பொறுத்தவரை, அது ஆதரித்த நிகரகுவாவின் எதிர்ப்புரட்சிப் படைகளுக்குப் பயிற்சி தர அர்ஜென்டின அதிகாரிகள் உதவிக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் தனக்குக் கிடைத்த உபசரிப்பைக் கால்தியேரி ராஜதந்திர வாக்குறுதியாகவே எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 1 இரவு அமெரிக்க அதிபர் ரீகன் தொலைபேசியில் அழைத்து, பிரிட்டன் கட்டாயம் சண்டைக்கு வரும், நம் இரு நாட்டு உறவும் கெட்டுப்போகும் என்று எச்சரித்தார். அப்போது கப்பல்கள் தீவை நெருங்கிவிட்டன.

நாள் குறித்ததும் தற்செயல்தான். மூல திட்டம் ஆண்டின் பிற்பகுதிக்கு. தென் அட்லாண்டிக்கில் குளிர்காலம் வந்து போகட்டும், எண்டூரன்ஸ் கிளம்பட்டும், 1983 ஜனவரியில் 150-வது ஆண்டு வருவதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு. மார்ச் 19 அன்று பழைய திமிங்கில ஆலைகளை உடைத்து இரும்பு எடுக்க, பிரிட்டன் வசம் இருந்த தெற்கு ஜார்ஜியா தீவுக்குப் போன அர்ஜென்டினத் தொழிலாளர்கள் அங்கே கொடி ஏற்றிவிட்டார்கள். பிரிட்டன் எண்டூரன்ஸை அங்கே அனுப்பியது. இனிமேல் நீர்மூழ்கிகளும் வரும், அப்புறம் வாய்ப்பே கிடைக்காது என்ற பதற்றத்தில்தான் மார்ச் 26 முடிவு. டெய்லர் ஃப்ராவெல் போன்ற ஆய்வாளர்கள் இதை வைத்தே, 1982 போரை உள்நாட்டுக் கோபத்தால் வந்த போர் என்று சொல்லக் கூடாது, பேச்சுவார்த்தை முட்டுச்சந்தில் நின்றதுதான் காரணம் என்று வாதிடுகிறார்கள். கால வரிசை அவர்கள் பக்கம் இருக்கிறது. என்றாலும் முழுக்க ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மார்ச் 30 ஊர்வலம் வானத்திலிருந்து குதித்ததில்லை. 1981 முழுக்க வேலைநிறுத்தமும் ஊர்வலமும் நடந்தன, தடைபட்ட கட்சிகள் ஒன்றுகூடித் தேர்தல் கேட்டன. கையில் இருந்த பல வழிகளில் துணிச்சலானது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மனநிலை அந்தச் சூழலில் உருவானதுதான். கோபம் போரை உண்டாக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், போர் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆட்களை அந்த அறையில் வாயடைக்க வைத்தது.

இப்போது ஏப்ரல் 2. ராணுவத்தின் திட்டம் தீவில் சண்டை போட்டு உட்காருவது இல்லை. பிடிப்பது, சில நூறு வீரர்களை விட்டுவிட்டு மீதிப்பேரைத் திருப்பி அழைப்பது, ஐநாவில் வலுவான இடத்திலிருந்து பேசுவது. அதற்காகத்தான் பிரிட்டிஷ் ரத்தம் சிந்தக் கூடாது என்று உத்தரவு. அன்று இறந்தது ஒரே ஓர் அர்ஜென்டின அதிகாரி, கேப்டன் பெத்ரோ ஜியாக்கினோ. பிரிட்டிஷ் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் பிரிட்டிஷ் கடற்படை வீரர்களைச் சாலையில் குப்புறப் படுக்க வைத்து எடுத்த புகைப்படம் லண்டன் பத்திரிகைகளில் வந்தது. பிணங்களைவிட அந்தப் படம் அதிக வேலை செய்தது. ஏப்ரல் 3 அன்று ஐநா பாதுகாப்புச் சபை, பத்து வாக்கு ஆதரவு, பனாமாவின் ஒரே எதிர்ப்பு, நான்கு பேர் விலகல் என்ற கணக்கில், அர்ஜென்டினா வெளியேற வேண்டும் என்று தீர்மானித்தது. 5-ம் தேதி பிரிட்டிஷ் கப்பல்கள் கிளம்பின.

திரும்பிப் போக அப்போதும் வழி இருந்தது. கால்தியேரியின் வழியை அடைத்தது சதுக்கம். ஏப்ரல் 10 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க் சமரசம் பேச வந்திருந்தார். மக்கள் எப்படி நம் பின்னால் நிற்கிறார்கள் பார் என்று காட்டுவதற்காக, அன்றைக்கு மே சதுக்கத்தில் பெருங்கூட்டம் சேர்க்கப்பட்டது. மாடத்துக்கு வந்த கால்தியேரி முழங்கினார்: 'வர விரும்பினால் வரட்டும், களத்தில் சந்திப்போம்!' சதுக்கம் அதிர்ந்தது. எழுதி வைத்துப் படித்த வாக்கியம் மாதிரித் தெரியவில்லை. கூட்டத்தின் சூட்டில் வந்து விழுந்த மாதிரிதான் இருந்தது. ஹெய்க்கிடம் பேசும்போது அவரிடம் இருந்த சலுகை தரும் இடம், அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது. பிறகு நடந்த பேச்சுகளில் கால்தியேரி ஒத்துக்கொண்டதை மற்ற தளபதிகள் மறுத்தார்கள், வெளியுறவு அமைச்சர் கோஸ்தா மெந்தேஸ் விமான நிலையத்தில் புதிய நிபந்தனைக் காகிதத்தை ஹெய்க் கையில் கொடுத்தார். அதற்குள் புலி வாலைப் பிடித்தாயிற்று.

அந்தக் கூட்டத்தை மொத்தமாக ஆட்சி ஆதரவுக் கூட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. சதுக்கத்தில் பெரோனிச கோஷங்களும் கேட்டன. 30-ம் தேதி கைதான உபால்தினி, ஏப்ரல் 7 அன்று தீவில் புதிய ராணுவ ஆளுநர் மெனெந்தெஸ் பதவியேற்ற விழாவுக்கு விமானத்தில் போனார். அரசியல்வாதிகளும் முன்னாள் சர்வாதிகாரி விதேலாவும் அதே விழாவில். தீவுக்கு ஆதரவு, ஆட்சிக்கு எதிர்ப்பு என்று இரண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். நாடு கடந்து வாழ்ந்த பல இடதுசாரிகளின் நிலையும் அதுவே. பிற்பாடு அதிபரான ரவுல் அல்ஃபோன்சின் மாதிரி விலகி நின்றவர்கள் சொற்பம். இந்த எல்லோரையும்விட நுட்பமான பதிலைச் சொன்னவர்கள், காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடிவந்த மே சதுக்கத்துத் தாய்மார்கள்: 'மால்வினாஸ் அர்ஜென்டினாவுக்குச் சொந்தம், காணாமல் போனவர்களும்தான்.' தேசபக்தியை மறுக்காமலே, அதை ஆட்சியின் கையிலிருந்து பிடுங்கும் வாக்கியம் அது. அந்தத் தாய்மார்களின் கூட்டத்தில், காணாமல் போனவரின் சகோதரன் என்று சொல்லிப் புகுந்து, 1977-ல் அவர்களின் தலைவி அசுசேனா வில்லாஃப்ளோர் முதலானவர்கள் கடத்தப்படக் காரணமாக இருந்த கடற்படை அதிகாரி ஆல்ஃப்ரெதோ அஸ்தீஸ். தெற்கு ஜார்ஜியாவில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கியது அவரே. ஏப்ரல் இறுதியில் சண்டையே போடாமல் சரணடைந்து கையெழுத்துப் போட்டார். அந்தப் புகைப்படம் உலகமெல்லாம் போனது.

மே 2 அன்று ஜெனரல் பெல்கிரானோ கப்பல் மூழ்கடிக்கப்பட்டு 323 பேர் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து அர்ஜென்டின ஏவுகணை பிரிட்டனின் ஷெஃபீல்ட் கப்பலைத் தாக்கியது, 20 பேர் இறந்தார்கள். இதற்கு மேல் பேச்சுவார்த்தை வெறும் சம்பிரதாயம். உள்நாட்டில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் திசைதிருப்பலின் பட்டறை அங்கேதான் இருக்கிறது. மே 8, 9 தேதிகளில் அரசுத் தொலைக்காட்சி இருபத்துநான்கு மணி நேர நிதி திரட்டும் நிகழ்ச்சி நடத்தியது. நடிகர்கள், விளையாட்டு வீரர்கள், பாட்டிகள் என்று வரிசையாக வந்து தங்கச் சங்கிலி, மோதிரம், காசோலை எல்லாம் கொடுத்தார்கள். அந்தப் பணமும் பொருளும் குழிகளில் கிடந்த வீரர்களைப் பெரும்பாலும் போய்ச் சேரவில்லை. ஆங்கிலப் பாட்டுகளை வானொலி நிறுத்தியது. அந்த நேரத்தை நிரப்ப, அதுவரை தணிக்கையில் மாட்டி ஒதுக்கப்பட்டிருந்த உள்நாட்டு ராக் இசைக்காரர்களை ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. ஆட்சியே தன் எதிரிகளுக்கு ஒலிபெருக்கி கொடுத்த வேடிக்கை இது. பிரபல வார இதழ் ஒன்று மே கடைசியில் அட்டையில் போட்டது: 'தொடர்ந்து வென்றுகொண்டிருக்கிறோம்!' பிரிட்டிஷ் படை அப்போது தீவில் கரையேறிவிட்டது.

தீவில் பையன்கள் பசியில் இருந்தார்கள். போர்ட் ஸ்டான்லி நகரக் கிடங்குகளில் உணவு இருந்தது, ஆனால் அது சுற்றியிருந்த குன்றுகளுக்கு ஏறவில்லை. ஆடு திருடித் தின்றதற்காகச் சில வீரர்களை அவர்களுடைய அதிகாரிகளே கை கால்களை முளையடித்துக் கட்டி உறைபனியில் கிடத்தினார்கள். பின்னாளில் இது நீதிமன்றம் வரை போனது. நாட்டுக்குள் சித்திரவதையை வழக்கமாக்கிக்கொண்ட ராணுவம், எல்லைக்குப் போனதும் வேறு ராணுவமாக மாறிவிடவில்லை. தணிக்கையும் அப்படித்தான். ஆறு வருடமாகக் கெட்ட செய்தியை யாரும் மேலே சொல்லாத ஓர் அமைப்பு, போர் நேரத்தில் திடீரென்று உண்மை பேசத் தொடங்காது. ஜூன் 14 அன்று ஆளுநர் மெனெந்தெஸ் தொலைபேசியில் நிலைமை முடிந்துவிட்டது என்றபோது, வீரர்களைக் குழியிலிருந்து வெளியே எடுத்துத் திருப்பித் தாக்குங்கள் என்றார் கால்தியேரி. அன்றே மெனெந்தெஸ் சரணடைந்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதிகள். மொத்தம் 74 நாள். அர்ஜென்டின தரப்பில் 649 பேர், பிரிட்டிஷ் தரப்பில் 255 பேர், தீவுவாசிகள் மூன்று பேர் இறந்திருந்தார்கள்.

முந்தின நாள், ஜூன் 13 அன்று, உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டத்தில் நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினா பெல்ஜியத்திடம் 0-1 என்று தோற்றிருந்தது. 15-ம் தேதி கால்தியேரி மறுபடியும் மே சதுக்கத்துக்கு மக்களை அழைத்தார். வந்தார்கள். 'பையன்கள் செத்தாங்க, தலைவர்கள் வித்தாங்க' என்று கத்தினார்கள். ஏப்ரலில் மாடத்துக்கு வந்தவர் இந்த முறை வெளியே வரவில்லை, தொலைக்காட்சியில் பேசினார். சதுக்கத்தில் கண்ணீர்ப்புகை, ரப்பர் குண்டு. 17-ம் தேதி அவருடைய பதவி போனது. திரும்பி வந்த வீரர்களை இரவோடு இரவாகக் கூட்டிப்போய், தீவில் பார்த்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள்.

தோல்விதான் ஆட்சியைக் கவிழ்த்தது, வென்றிருந்தால்? நியாயமான கேள்வி. எதிர்க்கரையில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் முப்பது லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள், பிரதமர் தாட்சரின் செல்வாக்கு அடிமட்டத்தில். 1983 ஜூன் தேர்தலில் அவர் 144 இடப் பெரும்பான்மையோடு ஜெயித்தார். எதிர்க்கட்சி பிளவுபட்டதும் பொருளாதாரம் சற்றே தேறியதும் காரணங்கள்தான், ஆனால் போரைக் கணக்கில் சேர்க்காமல் அந்த வெற்றியை விளக்க முடியாது. போர் தாட்சர் தொடங்கியதும் இல்லை. ரஷ்யாவில் 2014 தொடக்கத்தில் லெவாடா நிறுவனக் கணிப்பில் புதினின் ஆதரவு 65 விழுக்காடாக இருந்தது. கிரைமியாவை இணைத்துக்கொண்டபின் 80-ஐத் தாண்டி, அங்கேயே நான்கு வருடம் நின்றது. 2018-ல் ஓய்வூதிய வயதை உயர்த்தப்போவதாக அறிவித்ததும் சில மாதங்களில் பழைய மட்டத்துக்கு இறங்கிவிட்டது. கிரைமியாவில் எதிர்த்தாக்குதல் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கால்தியேரி எதிர்பார்த்தது அந்த மாதிரி ஏப்ரலைத்தான்.

மால்வினாஸுக்கு நெருக்கமான உதாரணம் கிரீஸ். 1973 நவம்பரில் ஏதென்ஸ் பாலிடெக்னிக் மாணவர் எழுச்சியை டாங்கி விட்டு நசுக்கிய ராணுவ ஆட்சி, அடுத்த ஜூலை 15 அன்று சைப்ரஸில் அதிபர் மக்காரியோஸைக் கவிழ்த்து, கிரீஸோடு இணைக்கும் பழைய கனவைக் கையில் எடுத்தது. ஐந்தாவது நாள் துருக்கி படையோடு வந்து இறங்கியது. படைதிரட்டும் உத்தரவு குளறுபடியில் முடிந்தது. போராடவே திராணி இல்லை என்பது வெளிச்சமானது. ஜூலை 23 அன்று ஜெனரல்கள் அரசியல்வாதிகளைக் கூப்பிட்டு ஆட்சியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டிலும் ஒரே விசித்திரம் உண்டு. மக்களை அடக்குவதற்காகவே வருடக்கணக்கில் பழக்கப்படுத்தின ராணுவத்தை, இன்னொரு ராணுவத்தோடு மோதவிட்டார்கள்.

அர்ஜென்டினாவில் கால்தியேரிக்குப் பின் அதிபரான ஜெனரல் பிக்னோனே மிச்ச நாளை ஓட்டினார். போகிறபோது ராணுவத்தார் மீது வழக்குப் போட முடியாதபடி தங்களுக்குத் தாங்களே பொதுமன்னிப்புச் சட்டம் எழுதிக்கொண்டார்கள். கிரீஸிலும் சரி, இங்கும் சரி, தோற்ற ராணுவத்துக்குப் பேரம் பேசும் பலம் கிடையாது. 1983 அக்டோபர் 30 தேர்தலில் வென்ற அல்ஃபோன்சின் பதவியேற்ற கையோடு அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். ஏப்ரல் 2-ஐ ராணுவம் தேசிய விடுமுறையாக்கியிருந்தது. அவர் அதை ஜூன் 10-க்கு மாற்றினார். உரிமைக்கோரலைக் கைவிடாமலே, அதைப் போரிடமிருந்து பிரிக்கும் முயற்சி அது. பிற்பாடு விடுமுறை மறுபடி ஏப்ரல் 2-க்கே வந்துவிட்டது, வீரர்களின் நினைவு நாளாக. 1994 அரசியல் சாசனத் திருத்தம் தீவுகள் மீதான உரிமையைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது.

விசாரணையில் ராணுவமே அமைத்த ராட்டன்பாக் குழு, போர் நடத்திய விதத்தைக் கடுமையாகச் சாடித் தளபதிகளுக்குத் தண்டனை பரிந்துரைத்தது. அந்த அறிக்கை அதிகாரபூர்வமாக வெளியாக 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1985-ல் நடந்த புகழ்பெற்ற தளபதிகள் வழக்கில், ஆட்கடத்தல், சித்திரவதை, கொலைக் குற்றங்களுக்காக விதேலாவுக்கும், அவரோடு ஆட்சியைப் பிடித்த கடற்படைத் தளபதி மசேராவுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. கால்தியேரி, அனாயா, லாமி டோசோ மூவரும் அந்த வழக்கில் விடுதலையானார்கள். அடுத்த ஆண்டு ராணுவ நீதிமன்றம் அந்த மூவரையும் குற்றவாளிகள் என்றது, போரைத் தப்பாக நடத்தியதற்காக. கால்தியேரிக்குப் பன்னிரண்டு வருடம். 1989-ல் அதிபர் மெனெம் மன்னித்து வெளியே விட்டார். 2002-ல் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் தொடர்பான வேறொரு வழக்கில் மறுபடி கைதாகி வீட்டுக்காவலில் இருந்தவர், விசாரணை முடிவதற்கு முன்பே 2003 ஜனவரியில் இறந்துபோனார்.